வாகனம் பேணலும் வழி பேணலும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர் எழுதுவது தமிழைப் பற்றியே இருக்கும் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். ஆயின், ஒருநாட் காலை கல்லூரி வாயிலில் நின்று மாணவர் வந்து சேரும் காட்சியை அரைமணி நேரம் நோக்கிக்கொண்டிருந்தோம். மோட்டார் சைக்கிளொன்றில் மூவர் வந்தனர். தலைக்கவசம் ஒருவரிடத்து மட்டுமே இருந்தது, அதுவும் முழங்கையில். முச்சக்கர வண்டியொன்றில் புத்தகப்பைகள் வெளியே தொங்கச் சிறார் பலர் நெருங்கியிருந்தனர். பின்னர்க் காரொன்று வந்து நின்றது. அதன் முன்சில்லின் ரயர் தேய்ந்து வழுக்கைத் தலைபோற் பளபளத்தது. அக்காரின் முகப்பில் அன்று காலை சாத்திய சந்தனமும் பூவும் வாடாதிருந்தன. அன்றே எமது பொருளை மாற்றிக்கொண்டோம். இலக்கியம் கற்பதற்கு மாணவன் முதலில் உயிரோடு வகுப்பறை வந்து சேர்தல் வேண்டுமன்றோ?

யாம் இயந்திரவியல் பயின்றவரல்லோம். பழைய காரொன்றின் உடையர். அதனைப் பேணாமையாற் பெரும்பிழை செய்து, தெய்வாதீனமாய்த் தப்பியவர். அவ்வனுபவமே இக்கட்டுரைக்கு எமக்குள்ள தகுதி. கூறவந்த பொருள் ஒன்றே: வண்டியை ஓடச் செய்தல் உடையானுக்குப் பெருமை, வேண்டிய இடத்தில் வேண்டிய பொழுதில் நிற்கச் செய்தல் அவனுக்குக் கடமை. பெருமையை நாடுவார் பலர்; கடமையை நினைவார் சிலர்.

கடல் கற்பித்த பாடம்

எமது பிறந்தகம் எழுவைதீவு. ஊர்காவற்றுறைக்கு அப்பாற் கடலிடையே கிடக்கும் சிறு தீவு அது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் உள்ளதுபோலத் தாம்போதி அதற்கில்லை; ஊர்காவற்றுறை இறங்குதுறையிற் படகேறியே அங்குச் செல்லல் வேண்டும். அரிசி மூடையும், சீமெந்தும், பாடநூலும், மருந்தும் கடல் கடந்தே எம்மூரை அடைவன. அங்கு ஓடும் மோட்டார் சைக்கிளும் ஒருநாள் படகிற் பயணியாய் வந்ததே.

எம் தந்தையார் வள்ளமுடையவர். விடியுமுன் கரைக்குச் செல்லும்போது சிறுவராகிய யாமும் உடன் செல்வதுண்டு. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் அவர் வள்ளத்தை ஒருமுறை சுற்றிவருவார். பலகைப் பொருத்துகளிற் கையை வைத்துத் தடவுவார். அடியில் ஊறிய நீரின் அளவை நோக்குவார்; நேற்றினும் இன்று மிகுந்திருப்பின் காரணம் தேடாமற் புறப்படார். துடுப்பும் மரக்கோலும் நங்கூரமும் நீரிறைக்கும் ஏனமும் உளவா எனக் காண்பார். இறுதியில் வானத்தையும் காற்றையும் நோக்குவார். ஒருநாளேனும் அச்சுற்றினை அவர் தவிர்த்ததை யாம் கண்டிலோம். சிற்றளவு ஓட்டையெனினும் அன்று தொழில் இல்லை; வீட்டில் உலை ஏறாதெனினும் இல்லை. கடல் மன்னிக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தரையில் வாழ்வோர்க்கு இவ்வழக்கம் வாய்க்கவில்லை. தெரு நாள்தோறும் நம்மை மன்னித்துக்கொண்டிருக்கின்றது. தேய்ந்த ரயரையும், மங்கிய விளக்கையும், தளர்ந்த பிறேக்கையும் நூறு நாள் பொறுக்கின்றது. அந்நூறு நாளும் நம் அலட்சியத்துக்குத் துணிவூட்டுகின்றன. நூற்றோராம் நாள் அது பொறுப்பதில்லை. அன்று தண்டிக்கப்படுபவர் பிழை செய்தவராகவே இருப்பர் என்னும் உறுதியும் இல்லை. வள்ளத்தின் ஓட்டை வள்ளக்காரனை அமிழ்த்தும். வண்டியின் குறையோ வழியே போகின்றவரைக் கொல்லும்.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்த காலமும் அதுவே. எமது குடும்பமும் அவ்வாறு வந்தது. யாம் நகரத்து மாணவரானோம். அக்காலத்தை அறிந்த பழைய மாணவர்க்கு மண்ணெண்ணெய்ப் புகையின் மணம் இன்றும் மூக்கில் நிற்கும்.

பெற்றோல் எளிதில் ஆவியாகும்; மண்ணெண்ணெய் சூடேறிய இயந்திரத்திலன்றி நன்கு ஆவியாகாது. ஆதலின், சாரதிமார் சில துளி பெற்றோலைக் காபரேற்றருள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இக்கொடுமையைப் பொறுத்து ஓடியவை 1940களின் இறுதியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் உருவான ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற முதிய வண்டிகளே. அவற்றின் அமுக்கவிகிதம் தாழ்ந்தது. ஏழுக்கு ஒன்று என்னும் அளவை அடுத்தது. அதனால், எளிதில் 'முட்டும்' இயல்புடைய தாழ்தர எரிபொருளையும் அவை ஒருவாறு ஏற்றன. எனினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே கீழிறங்கி, உராய்வு நீக்கும் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்றாதவருடைய இயந்திரம் விரைவில் அழிந்தது; மாற்றியவருடைய வண்டி கர்ப்பிணிகளையும் நோயாளரையும் இரவிரவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது. பேணல் என்பது அந்நாளிற் பொழுதுபோக்கன்று. உயிர் காக்கும் தொழிலாய் இருந்தது.

எமது அயலில் வாழ்ந்த முதிய சாரதி ஒருவர் அத்தகைய ஒஸ்ரின் ஒன்றை வைத்திருந்தார். வாடகைக்கு ஓடிவந்த களைப்போடும் விளக்கேற்றி அதன் அடியிற் படுத்திருப்பார். விளக்குப் பிடிப்பது எமது பணி. ஒருநாள், "அண்ணை, மண்ணெண்ணெயில எப்பிடிக் கார் ஓடுது?" என வினாவினோம். அவர் சிரித்து, "தம்பி, காரை ஓடப்பண்ணுறதுக்கு ஊரில ஆயிரம் பேர் இருக்கினம். நிக்கப்பண்ணுறதைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார். அப்பொழுதும் அவர் பிறேக்குக் குழாயையே துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வார்த்தையின் பொருளை யாம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது.

எமது பிழை

பயிற்றப்பட்ட ஆசிரியராய்ப் பணியேற்றுப் பல ஆண்டு கழிந்தபின் பழைய கார் ஒன்றை வாங்கினோம். தீவுக்கும் நகருக்கும் இடையே எமக்கு அடிக்கடி பயணம் உண்டு. ஊர்காவற்றுறை வரை காரிற் சென்று, அங்கு அதனை நிறுத்திவிட்டுப் படகேறுவோம். இயந்திரம் செம்மையாக ஓடியது; ஆதலின் வண்டி முழுவதும் செம்மையாக உள்ளதென நம்பினோம்.

ஒருமுறை, கருவிப்பலகையிற் செந்நிற விளக்கொன்று எரியத் தொடங்கியது. பிறேக்கு நெய் குறைந்ததை அறிவிக்கும் விளக்கு அது என அறிந்தும், 'சனிக்கிழமை பார்ப்போம்' எனத் தள்ளிவைத்தோம். மூன்றாம் நாள், பேச்சுப் போட்டிக்குச் செல்லும் மாணவர் இருவரை ஏற்றிக்கொண்டு பண்ணைத் தாம்போதியிற் சென்றுகொண்டிருந்தோம். எதிரே துவிச்சக்கர வண்டியிற் பெரியவர் ஒருவர். முன்தண்டிற் சிறு குழந்தை. காற்று அவரைத் தெருவின் நடுப்பக்கமாய்த் தள்ளியது. யாம் பிறேக்கை மிதித்தோம். மிதி எதிர்ப்பேதுமின்றி அடிவரை இறங்கியது.

அந்நொடியின் அச்சத்தை எழுத எம்மிடம் சொல்லில்லை. மீண்டும் மீண்டும் மிதித்தோம், கியரைக் கீழிறக்கினோம், ஒலியெழுப்பியவாறே கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, தெருவோரக் கற்குவியலிற் காரை உரசச்செய்து நிறுத்தினோம். துவிச்சக்கர வண்டிக்கும் எமக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்தது. மாணவர் இருவரும் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். குழந்தை அழவில்லை, வியப்போடு எம்மை நோக்கியது.

பெரியவர் இறங்கி வந்தார். எம்மூரவர், தந்தையாரோடு தொழில் செய்தவர். எம்மை அடையாளங் கண்டு, நடந்ததைக் கேட்டறிந்தபின் கடிந்துகொள்ளாது ஒன்றை மட்டும் கூறினார்: "மாஸ்ரர், வள்ளத்தில ஓட்டை எண்டா நாங்கள் கடலுக்கு இறக்கமாட்டம். நீங்கள் எப்பிடி இதை ரோட்டுக்கு இறக்கினீங்கள்?"

எம்மிடம் விடையில்லை. பின்னர்த் திருத்துநர் காரை உயர்த்திக் காட்டியபோது பின்சில்லுக்குச் செல்லும் உலோகக் குழாய் உப்பரித்துத் துளைபட்டிருந்தது. சிறுவராயிருந்த காலத்தில் எவர் குழாயைத் துடைப்பதற்கு விளக்குப் பிடித்தோமோ, அவர் முகம் எம் நினைவில் வந்தது. இதனை எழுதுதல் எமக்கு மகிழ்ச்சி தருவதன்று. எனினும் ஆசிரியன் தன் பிழையை மறைப்பின் மாணவன் அதனைத் தானே செய்து கற்கவேண்டி வருமாதலின் எழுதுகின்றோம்.

ஒரு சுற்று

புதிய வண்டி வாங்கியதும் கோயில் வாயிலில் நிறுத்திப் பூசை செய்வித்து, நான்கு சில்லின் கீழும் தேசிக்காய் வைத்து நசுக்குதல் நம்மவர் வழக்கு. அதனை யாம் குறைகூறோம், யாமும் செய்தோம். ஆயின், தேசிக்காய் வைக்கக் குனிபவர் அச்சில்லின் ரயரையும் ஒருமுறை கண்ணால் நோக்குவாராயின் பூசையின் பயன் இருமடங்காகும். பூசை ஆண்டுக்கொருமுறை, நோக்குதல் நாள்தோறும். புறப்படுமுன் ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றிவந்து காணவேண்டியவற்றை முறையே கூறுவாம்.

முதலாவது, ரயர். காற்றின் அளவை வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். உரிய அளவு பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அது தாங்கும் மிகையளவேயன்றி நிரப்பவேண்டிய அளவன்று. பள்ளக்கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையின் ரயரை மாற்றுக. மழைநீரைப் பிதுக்கி வெளியேற்றுவது அப்பள்ளமே. அஃது இல்லையெனின் சில்லு நீரின்மேல் மிதந்து வழுக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2319 என்றிருப்பின், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாது நின்ற வண்டியின் ரயரும் வெயிலால் வெடிப்புறும் என்பதை ஆண்டுக்கொருமுறை ஊர்வரும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

இரண்டாவது, பிறேக்கு. நெய் நிற்கும் சிறுகலத்திற் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே அதன் மட்டம் நிற்றல் வேண்டும். குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடற்க. எங்கே ஒழுகியது எனத் தேடுக. இந்நெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுந்த நெய், பிறேக்கு சூடேறியவிடத்துக் கொதித்து ஆவியாகி, மிதியை வலுவிழக்கச் செய்யும். குழாயை உள்ளிருந்தே அரிக்கவும் செய்யும். ஆகவே இரண்டு ஆண்டுக்கொருமுறை முழுவதையும் மாற்றுதல் நலம். இயந்திர ஒயிலை அதில் ஒருபோதும் ஊற்றலாகாது. இறப்பர் முத்திரைகள் ஊதிப் பழுதாகும். வண்டியை நகர்த்திய உடனே, வாயிலைத் தாண்டுமுன், ஒருமுறை மிதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்க.

மூன்றாவது, ஒயிலும் நீரும். சமதரையில் வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் ஆறவிட்டு, அளவுகோலைத் துடைத்து மீண்டும் இட்டு ஒயிலின் மட்டத்தைக் காண்க. சூடான றேடியேற்றரின் மூடியை எக்காரணத்தாலும் திறவற்க. அழுத்தத்தில் நிற்கும் கொதிநீர் முகத்திற் பாயும். தீவுப்பகுதியின் கிணற்றுநீர் பல இடங்களில் உவர்நீர். அதனை றேடியேற்றருள் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து வழியடையும்; உலோகமும் அரிக்கப்படும். கடையில் விற்கும் குளிர்த்திரவமே தக்கது. அவசரத்துக்கு வடித்த நீரோ துப்புரவாய்ச் சேகரித்த மழைநீரோ ஏற்றது.

நான்காவது, விளக்குகள். முன்விளக்கு எரிவதைச் சாரதி காண்பார். பின்விளக்கும் பிறேக்கு விளக்கும் எரிவதைக் காணார். இரவிற் சுவரொன்றுக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தி, செவ்வொளி வீழ்கின்றதா எனத் தாமே நோக்கலாம். முன்கண்ணாடியிற் படியும் உப்புத்தூளை நாள்தோறும் நனைத்துத் துடைக்க. உலர்ந்தவாறே துடைத்தாற் கீறல் விழும். அக்கீறலில் எதிர்வண்டியின் ஒளி சிதறிக் கண்ணை மறைக்கும்.

ஐந்தாவது, பற்றரி. முனைகளில் வெண்பச்சையாய்ப் பூக்கும் உப்பினை, எதிர்முனை இணைப்பை முதலிற் கழற்றியபின், வெந்நீரிற் கரைத்த அப்பச்சோடாவாற் கழுவித் துடைத்து, மெல்லிதாக வசலீன் பூசுக.

மோட்டார் சைக்கிள் உடையோர் இவற்றோடு சங்கிலியின் தளர்ச்சியையும் அதன் ஒயிலையும் நோக்குக. உப்புக்காற்றில் ஒருவாரம் உலர்ந்து கிடந்த சங்கிலி செந்நிறமாகும். அறுந்து பின்சில்லிற் சிக்கினால் ஓட்டுநரை வீழ்த்தும்.

உப்பு என்னும் பகைவன்

துருப்பிடித்தல் இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடுமிடத்து நிகழும் மாற்றம். உப்பு அங்கு இருதொழில் செய்கின்றது: காற்றின் ஈரத்தை ஈர்த்து உலோகத்தின்மேல் நிறுத்துகின்றது, அந்நீரை மின்கடத்த வல்லதாக்கி அரிப்பினை விரைவிக்கின்றது. பண்ணையிலும் பொன்னாலையிலும் தாம்போதியைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும் உப்பினை அடிவயிற்றிற் சுமந்துகொண்டே வீடு திரும்புகின்றது. நாம் கழுவுவதோ மேற்பக்கத்தை, அரிக்கப்படுவதோ அடிப்பக்கம்.

தீவிலே நன்னீர் அருமையானது என்பதை யாம் அறிவோம். குடிக்கும் நீரைக் காருக்கு வாரியிறைக்கச் சொல்லோம். ஒரு வாளி நீர் உளதெனின், அதனை முதலிற் சில்லின் உட்புறத்துக்கும் அடிப்பாகத்துக்கும் அளிக்க. மேற்பக்கத்துக்கு ஈரத்துணி போதும். அழகு பின்னர்; உயிர் முன்னர்.

அடிப்பாகத்திற் கழிவு ஒயிலைத் தெளிக்கும் வழக்கம் சிலரிடத்து உண்டு. மாற்றிய ஒயிலை வளவின் மூலையில் ஊற்றுவாரும் உளர். இவ்விரண்டையும் கைவிடல் வேண்டும். நம் நிலம் சுண்ணக்கல் நிலம்; மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே கிணற்றை அடையும். சுன்னாகப் பகுதியிற் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த துயரத்தை நாம் கண்டோம். அவ்வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையையும் அறிவோம். கழிவு ஒயிலை மூடிய கலத்தில் இட்டு, அதனைச் சேர்த்தெடுக்கும் திருத்தகத்திற் கொடுக்க. அடிப்பாகத்துக்கெனத் துருக்காப்புப் பூச்சு தனியே உண்டு.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் நம் தெருக்களின் வண்டிகள் யாவும் ஐந்து வயது மூத்துவிட்டன. பேணலின் தேவை முன்னிலும் இன்று மிகுதி.

வழியிற் செல்லும் முறை

வண்டி செம்மையாயினும் ஓட்டுநர் செம்மையற்றவராயின் பயனில்லை. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்லும். இடரைக் கண்டு கால் பிறேக்கிற் படிவதற்கு ஒரு செக்கன் எனக் கொள்க. அதன்பின் உலர்ந்த நல்ல தெருவில் வண்டி நிற்க இன்னும் 14 மீற்றர் வேண்டும். ஆக 28 மீற்றர். 70 கிலோமீற்றர் வேகத்திலோ ஏறக்குறைய 47 மீற்றர் வேண்டும். பிறேக்கிட்டபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதே காரணம். மழையில் அது மேலும் நீளும். நகர்ப்புறத்தில் 50, அதற்கு வெளியே 70 எனச் சட்டம் கார்களுக்கு வகுத்த எல்லையின் பொருள் இதுவே. கைத்தொலைபேசியை மூன்று செக்கன் நோக்குபவர் 50 இல் 42 மீற்றர் தூரம் கண்மூடி ஓட்டுகின்றார்.

முன்வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது? முன்வண்டி ஒரு தந்திக்கம்பத்தைக் கடந்தபின், 'நமச்சிவாய' என நிதானமாய் இருமுறை சொல்லி முடியுமுன் நாம் அக்கம்பத்தை அடைதலாகாது. மழையில் நான்குமுறை சொல்லுக. இறைவன் நாமமும் ஆயிற்று; இடைவெளியும் ஆயிற்று.

தாம்போதியில் மரமில்லை, மதிலில்லை. பக்கக்காற்று நேரே தாக்கும். மாலையிற் தீவை நோக்கிச் செல்வோர்க்கும் காலையில் நகரை நோக்கி வருவோர்க்கும் ஞாயிறு கண்ணெதிரே நிற்கும். தெருவோரத்தில் வலைவீசுவோரும் துவிச்சக்கர வண்டியில் மீன்கொண்டு செல்வோரும் உளர். இரவிலே கால்நடைகள் தெருவிற் படுத்திருக்கும். அங்கெல்லாம் முந்திச் செல்லும் ஆசையைக் கரையில் விட்டுச் செல்லுக. பதறாத கருமம் சிதறாது.

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்தும் வரும் அன்பர்கள் தெருவின் வலப்புறம் ஓட்டிப் பழகியவர்கள். நெரிசலிற் பிழை நேராது. ஆளரவமற்ற விடியற்காலையில், ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்குத் திரும்பும்போதே பழக்கம் கையை இழுக்கும். அவ்விடத்துத் தம்மைத் தாமே எச்சரித்துக்கொள்க.

அறியாதாரும் தெருவுக்கு உரியர்

காள் பென்ஸ் என்னும் செருமானியர் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வேண்டியது 1886 ஆம் ஆண்டில். பத்தே ஆண்டு கழித்து, 1896 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், பிறிட்சற் டிறிஸ்கொல் என்னும் பெண்மணி இலண்டனில் மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவிற் காரால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே எனக் கூறுவர். வண்டியின் வேகம் இன்றைய கணக்கில் மிகச் சிறிது. அந்நாளில் மோட்டார் வண்டி மிகப் புதுமை. அது எப்பக்கம் திரும்பும், எவ்வளவில் வந்தடையும் எனக் கணிக்கும் பழக்கம் தெருவிற் செல்வோர்க்கு வாய்த்திருக்கவில்லை.

இது பழங்கதையன்று. எம்மூரிலிருந்து மருந்தெடுப்பதற்கோ நேர்த்தி வைப்பதற்கோ படகேறி வந்து, ஊர்காவற்றுறையில் இறங்கி, நகரத் தெருவைக் கடக்க நிற்கும் மூதாட்டியை நினைக்க. காற்றின் வேகத்தை முகத்தாற் கணிப்பவர். அலையைச் செவியாற் கணிப்பவர். காரின் வேகத்தைக் கணிக்கும் தேவை அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அவர் அறியாததை அறிந்து, அவருக்காகவும் சேர்த்து எண்ணவேண்டியவர் வண்டியோட்டுபவரே.

இன்னொரு சான்றும் கூறுவாம். 1990 இல் நின்றுபோன புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபரில். அவ்விருபத்துநான்கு ஆண்டில் ஒரு தலைமுறை தண்டவாளமின்றி வளர்ந்துவிட்டது; கடவையில் நின்று இருபுறமும் நோக்கும் பழக்கம் அற்றுப்போயிற்று. காவலற்ற கடவைகளில் அதன்பின் உயிர்கள் மாண்டன. ஆகவே, கடவையை அணுகியதும் வானொலியை நிறுத்துக, கண்ணாடியை இறக்குக, செவியாலும் கண்ணாலும் உறுதிசெய்தபின் கடக்க.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் தெருவில் மாள்கின்றனர். ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையிலானோர் இறப்புக்கு முதன்மைக் காரணம் அதுவே. நம் வகுப்பறைகளில் இருப்போர் அவ்வயதினரே. தலைக்கவசம் முழங்கைக்கன்று, தலைக்கு. ஆசனப்பட்டி பொலிசாருக்கன்று, நெஞ்சுக்கு. மது அருந்தியவர் கையில் திறப்பைக் கொடுப்பவர் நண்பரல்லர்.

முடிவுரை

பழைய மாணவ அன்பர்காள்! விழாவுக்கு வந்து, பள்ளித் தோழரோடு அளவளாவி, இரவில் வீடு திரும்பப்போகின்றீர்கள். திறப்பைக் கையிலெடுக்குமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மாணவ மணிகாள்! தந்தையார் மோட்டார் சைக்கிளைத் தருமுன் அதனைத் துடைக்கும் பணியைக் கேட்டு வாங்குங்கள். துடைப்பவன் கண்ணுக்கே குறை தெரியும்.

எம் தந்தையார் இன்று இல்லை. அவர் வள்ளமும் இல்லை. அவரது சுற்று மட்டும் எம்மிடம் எஞ்சியுள்ளது. இப்பொழுது ஒவ்வொரு காலையும் காரைச் சுற்றிவருகின்றோம். தாம்போதியை அடையும்போது, முன்தண்டிற் குழந்தையை வைத்து ஒருவர் எதிரே வருகின்றார் என்றே எண்ணி ஓட்டுகின்றோம். அக்குழந்தை இப்பொழுது பள்ளிக்குச் செல்கின்றது எனப் பெரியவர் அண்மையில் இறங்குதுறையில் எம்மைக் கண்டு கூறினார். அதனினும் சிறந்த செய்தியை யாம் கேட்டதில்லை.

ஓடுக வண்டிகள், உரிய இடத்தில் நிற்க. வாழ்க நம் கல்லூரி.